சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: தூரமும் பயண நேரமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நங்கநல்லூரில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மீனம்பாக்கத்துக்குத் தாழ்ந்து வரும் விமானங்கள் தெரியும். தெருவில் பல வீடுகளின் பிள்ளைகள் கலிபோர்னியாவில் இருக்கிறார்கள். என் மகள் ஃப்ரீமான்ட் நகரில் இருக்கிறாள். நானும் என் மனைவியும் நான்கு முறை போய் வந்துவிட்டோம். அதனால், அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாகப் பெட்டி கட்டுகிற அக்கம்பக்கத்தார் எல்லாரும் என்னிடம் வந்து கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் எவ்வளவு தூரம்?

பூமியின் வளைவை ஒட்டி மிகக் குறுகிய வழியில் அளந்தால் ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். மைலில் 8,640. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலை வழியாகச் சுமார் 700 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதைப் போல இருபது மடங்கு. பூமியில் எந்த இரண்டு ஊர்களுக்கு இடையிலும் இருக்கக்கூடிய அதிகபட்ச தூரமே சுமார் 20,000 கிலோமீட்டர்தான். அதில் பத்தில் ஏழு பங்கு இது.

ஒவ்வோர் இடத்தில் ஒவ்வோர் எண் போட்டிருக்கிறதே, எது சரி?

பெரும்பாலும் எல்லாமே சரியாக இருக்கும். அளக்கும் அலகுதான் வேறு. விமானத் துறையில் கடல் மைல் என்ற அலகைப் பயன்படுத்துவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் இந்தத் தூரம் சுமார் 7,500. சில இடங்களில் நேர்த் தூரத்தைப் போடாமல், இடையில் மாறும் ஊரையும் சேர்த்துக் கூட்டிய தூரத்தைப் போட்டிருப்பார்கள். அப்போது 15,000, 16,500 என்றெல்லாம் வரும். நீங்கள் உட்கார்ந்து கடக்கப்போவது இப்படிக் கூட்டிய தூரத்தைத்தான்.

விமானம் கிழக்கே போகிறதா, மேற்கே போகிறதா?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தைப் பார்த்தால், பசிபிக்கைத் தாண்டிக் கிழக்கே போக வேண்டும் அல்லது ஐரோப்பாவைத் தாண்டி மேற்கே போக வேண்டும் என்றுதான் தோன்றும். பேரப்பிள்ளைகளின் உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஒரு நூலின் நுனியை வைத்து, மறுநுனியைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கே ஓடும்!

அந்த நூலைக் கணக்கிட்டுப் பின்தொடர்ந்தபோது நான் அசந்துபோனேன். ஆந்திரக் கடலோரம், ஒடிசா, பீகார் தாண்டி, எவரெஸ்ட் சிகரத்தை ஏறத்தாழத் தொட்டுக்கொண்டு போகிறது. பிறகு திபெத், மங்கோலியா, பைக்கால் ஏரியின் பக்கம், சைபீரியா. ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி ஏறத்தாழ 69 பாகை வட அட்சரேகை வரை ஏறி, அலாஸ்காவில் இறங்கி, கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடல்மீது வந்து சான் பிரான்சிஸ்கோவைச் சேர்கிறது. பதின்மூன்று பாகையில் வெயிலில் காயும் நமக்கும் கலிபோர்னியாவுக்கும் நடுவே மிகக் குறுகிய வழி உறைபனி வழியாகத்தான் இருக்கிறது.

ஆனால் விமானங்கள் அந்த நூலின் மேலேயே போவதில்லை. திபெத் பீடபூமியின் மேல் பறப்பதை அவை பெரும்பாலும் தவிர்க்கின்றன. உள்ளே காற்றழுத்தம் குறைந்தால் விமானம் உடனே சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்க வேண்டும். அங்கே தரையே அதைவிட உயரம். இது தவிர, 2022 முதல் அமெரிக்க, ஐரோப்பிய விமானங்கள் ரஷ்ய வான்வெளியில் பறக்க முடியாத நிலை. 2025 ஏப்ரல் கடைசியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதால் தில்லியிலிருந்து மேற்கே செல்லும் பயணங்களும் நீண்டன. 2023 ஜூனில் தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்ட ஒரு விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் மகதான் நகரில் இறங்க நேர்ந்தது. அமெரிக்கா போகிறவர்கள் சைபீரியாவில் எப்படி இறங்கினார்கள் என்று அப்போது பலர் வியந்தார்கள். உருண்டையில் நூல் வைத்துப் பார்த்தவருக்கு அதில் வியப்பே இராது.

சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டா?

இல்லை. எங்காவது ஓர் இடத்தில் மாறியே தீர வேண்டும். இவ்வளவு தூரம் விமானத்தால் பறக்க முடியாது என்று நினைக்க வேண்டாம். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருவுக்கு, முழுக்கப் பெண் விமானிகளே ஓட்டிவந்த ஏர் இந்தியா விமானம் வடதுருவ வழியாக எங்கும் நிற்காமல் வந்து இறங்கியது. பெங்களூரு தூரமும் நம் தூரமும் ஏறத்தாழ ஒன்றுதான்.

நேரடி விமானம் இருந்தால் எத்தனை மணி நேரம் ஆகும்?

பயணிகள் விமானம் மேலே ஏறியபின் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அந்தக் கணக்கில் பதினைந்தரை மணி நேரம். ஏறவும் இறங்கவும் சுற்றிப் போகவும் சேர்த்தால் பதினாறு, பதினேழு.

அப்படியானால் உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது?

ஒரே ஒரு மாற்றத்துடன் போனால், சென்னையில் ஏறியதிலிருந்து அங்கே இறங்கும்வரை 21 முதல் 26 மணி நேரம். இரண்டு மாற்றம் என்றால் முப்பதைத் தாண்டிவிடும்.

ஆனால் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் இந்த எண்ணோடு நிறுத்துவதில்லை. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை கூட்டிப் பாருங்கள் என்பேன். நகருக்குள்ளிருந்து மீனம்பாக்கம் வர ஒரு மணி நேரம். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். சிங்கப்பூர் வழி என்றால் நாலேகால் மணி நேரம் பறந்து, மூன்று மணி நேரம் காத்திருந்து, பிறகு பதினைந்தேகால் மணி நேரம். இறங்கியபின் குடிவரவுச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒன்றரை மணி நேரம். மகள் வீட்டுக்குக் காரில் ஒரு மணி நேரம். மொத்தம் 29 மணி நேரம். மருந்து, சாப்பாடு, தூக்கம், கால்வலி எல்லாவற்றையும் இந்த 29 மணி நேரத்துக்குத்தான் திட்டமிட வேண்டும். டிக்கெட்டில் அச்சிட்ட நேரம் இதில் ஒரு பகுதிதான்.

எந்த வழி நல்லது?

முதலில் ஒரு வேடிக்கையான உண்மை. சென்னையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறத்தாழ ஒரே தூரம்: இரண்டுமே 2,900 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே. எந்தப் பக்கம் போனாலும் நாலு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகத்தான் ஆகும். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ: துபாயிலிருந்து சுமார் 13,000 கிலோமீட்டர், சிங்கப்பூரிலிருந்து சுமார் 13,600. துபாயையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைக்கும் நேர்க்கோடு வடதுருவத்துக்கு இருநூறு கிலோமீட்டர் அருகில் போகிறது. கிட்டத்தட்ட உலகின் உச்சந்தலை வழியே!

நான் இங்கே சொல்லும் வெளிநாட்டு வழிகளில், தூரக் கணக்கில் சுற்று மிகக் குறைவாக இருப்பது ஹாங்காங் வழி. சென்னை–ஹாங்காங் 3,700 கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம். அங்கிருந்து 11,100 கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரம். மொத்தம் 15,000 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஃபிராங்க்பர்ட் வழியும் லண்டன் வழியும் 16,800 கிலோமீட்டரை ஒட்டி வரும். தூரம் அதிகம்தான். ஆனால் ஒரு நன்மை இருக்கிறது: பயணம் ஏறத்தாழப் பாதிப் பாதியாகப் பிரிகிறது. பத்து மணி நேரம், ஓய்வு, பதினொரு மணி நேரம். பதினைந்து மணி நேரம் தொடர்ந்து உட்கார முடியாத முதுகுவலிக்காரர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஐரோப்பிய நகரில் விமானம் மாற விசா வேண்டுமா என்பதை மட்டும் டிக்கெட் வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதன்முறை போகிறவர்களுக்கு என் விருப்பம் சிங்கப்பூர். அறிவிப்புப் பலகைகளில் தமிழ் கண்ணில் படுகிற விமான நிலையம் அது. நடு வழியில் நம் எழுத்தைப் பார்த்ததும் என் மனைவியின் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. காசைவிட எனக்கு அது பெரிதாகத் தோன்றியது.

மாறும் இடத்தில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்?

மூன்று மணி நேரம். நாலு என்றாலும் நல்லது. இரண்டுக்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது பயணத்தில் ஒரு மணி பத்து நிமிட இடைவெளியில் டிக்கெட் எடுத்தேன், மலிவு என்று. முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதம். மாறும் ஊரில் வாயிலுக்கு வாயில் ரயிலில் போக வேண்டியிருந்தது. என் மனைவிக்கு மூட்டுவலி, ஓட முடியாது. வாயில் மூடுவதைத் தூரத்திலிருந்து பார்த்தோம். அடுத்த விமானம் பதினான்கு மணி நேரம் கழித்து. அன்றிரவு முழுவதும் அவள் இரும்பு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்த்தபின், நான் மலிவு விலையை முதலில் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அப்போது எங்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு, இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்ததுதான். அதனால் அடுத்த விமானத்தில் கட்டணமில்லாமல் இடம் கிடைத்தது. தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் புதிதாக வாங்கியிருக்க வேண்டும். பெட்டிகளும் ஒரே டிக்கெட்டில்தான் நேரே கடைசி ஊருக்குப் போகும்.

இன்னொன்று: அமெரிக்காவுக்குள்ளேயே வேறோர் ஊரில் மாறுவதாக இருந்தால், முதலில் இறங்கும் ஊரிலேயே குடிவரவுச் சோதனையை முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி கொடுக்க வேண்டும். அதற்கு மூன்று மணி நேரமும் சில நாள் போதாது. அபுதாபி வழி போனால் அமெரிக்கக் குடிவரவுச் சோதனையை அபுதாபியிலேயே முடித்துவிடுவார்கள். அதற்கான நேரத்தை அங்கே ஒதுக்குங்கள்.

காலையில் புறப்பட்டு அதே காலையில் இறங்குகிறோம் என்கிறார்களே, எப்படி?

டிக்கெட்டில் போட்டிருப்பது எல்லாம் அந்தந்த ஊர்க் கடிகாரம். ஓர் எடுத்துக்காட்டு: கோடையில் வியாழன் இரவு 11.30-க்குச் சென்னையில் ஏறுகிறீர்கள். வெள்ளி காலை 6.15-க்குச் சிங்கப்பூர். 9.15-க்கு அங்கிருந்து புறப்பாடு. பதினைந்தேகால் மணி நேரம் பறந்தபின் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும்போது மணி அதே வெள்ளி காலை 9.30! சிங்கப்பூர்க் கடிகாரம் சான் பிரான்சிஸ்கோவைவிடப் பதினைந்து மணி நேரம் முன்னே ஓடுகிறது. பறந்த நேரத்தை அது அப்படியே விழுங்கிவிடுகிறது. கடிகாரப்படி சென்னையை விட்டுப் பத்து மணி நேரம்தான். உங்கள் உடம்புக்கோ 22½ மணி நேரம் கடந்திருக்கிறது.

திரும்பி வரும்போது ஒரு நாள் காணாமல் போகிறதா?

ஆம். வெள்ளி இரவு 10 மணிக்கு அங்கே ஏறினால், பதினாறரை மணி நேரம் கழித்து ஞாயிறு காலை 5.30-க்குச் சிங்கப்பூரில் இறங்குவீர்கள். பசிபிக் நடுவில் சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டும்போது தேதி ஒரு நாள் முன்னே தாவிவிடுகிறது. சனிக்கிழமையில் சில மணி நேரம் மட்டுமே, அதுவும் வானத்தில், உங்களுக்குக் கிடைக்கும்.

எதிர் வீட்டு அம்மாள் புரட்டாசியில் திரும்புவதாக இருந்தார். சனிக்கிழமை விரதமும் தளிகையும் நாற்பது ஆண்டாகத் தவறாதவர். வெள்ளி இரவு டிக்கெட் என்றதும் நான் தேதியை எழுதிக் காட்டினேன். மகனிடம் சொல்லி ஞாயிறு இரவுக்கு மாற்றிக்கொண்டார். காணாமல் போனது திங்கட்கிழமை. அதில் அவருக்கு வருத்தமில்லை.

அமாவாசைத் தர்ப்பணம் எந்தத் தேதியில் செய்வது?

திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணத்தைப் பொறுத்தது. அது தொடங்கும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. ஆனால் இங்கே வெள்ளி காலை 6 மணி என்றால் அங்கே இன்னும் வியாழன் மாலை. அதனால் சென்னைப் பஞ்சாங்கத்தின் தேதியை அப்படியே எடுத்துக்கொண்டால் சில மாதங்களில் ஒரு நாள் தவறிப்போகும். அந்த ஊருக்கென்று கணித்த பஞ்சாங்கத்தைப் பாருங்கள். அந்தப் பக்கம் லிவர்மோர் என்ற ஊரில் இருக்கும் சிவ-விஷ்ணு கோயிலில் கேட்டாலும் சொல்வார்கள்.

போகும்போது குறைவு, திரும்பும்போது அதிகம். ஏன்? பூமி சுற்றுவதாலா?

பசிபிக் வழியில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வித்தியாசம் வரும். பூமி நம் கீழே சுற்றிக்கொடுப்பதால் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஓடும் ரயிலுக்குள் நாணயத்தை மேலே சுண்டினால் அது உங்கள் கையிலேயே விழுகிறது அல்லவா? அதுபோலக் காற்றும் விமானமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகின்றன. காரணம் காற்றோட்டம். ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறு போல ஒரு வேகக் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. போகும்போது அது முதுகில் தள்ளுகிறது. திரும்பும்போது மார்பில் மோதுகிறது. துருவத்தை ஒட்டிச் செல்லும் துபாய் வழியில் இந்த வித்தியாசம் குறைவு.

இங்கே மணி என்ன என்றால் அங்கே என்ன?

மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை பன்னிரண்டரை மணி நேரம் பின்னே. மற்ற மாதங்களில் பதின்மூன்றரை. என் மனைவி கண்டுபிடித்த சுலப வழி: காலையை மாலையாக, மாலையைக் காலையாக மாற்றுங்கள், கோடையில் அரை மணியும் குளிர்காலத்தில் ஒன்றரை மணியும் கழியுங்கள். இங்கே இரவு 8 என்றால் அங்கே கோடையில் காலை 7.30, குளிர்காலத்தில் காலை 6.30.

டிக்கெட்டில் 15-ஆம் தேதி நள்ளிரவு 12.40 என்று இருக்கிறது. என்று விமான நிலையம் போவது?

14-ஆம் தேதி இரவு! இதைப் பெரிய எழுத்தில் எழுதி நாட்காட்டியில் ஒட்டுங்கள். சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பின்தான் புறப்படுகின்றன. 15-ஆம் தேதி இரவு மாலையும் கையுமாக மொத்தக் குடும்பமும் விமான நிலையம் வந்து, விமானம் முந்தைய இரவே போய்விட்டது என்று தெரிந்து கலங்கி நின்ற காட்சியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மெட்ரோவில் வரலாம், ஆனால் அது இரவு முழுவதும் ஓடுவதில்லை.

மருந்தும் உடம்பும்?

மருந்து முழுவதும் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு. இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. கீழ்த்தட்டின் குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். எந்த வேளைக்கு எதைப் போடுவது என்பதைப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்கும்போது ஊர்களின் மணியைச் சொல்லாதீர்கள், அவரும் குழம்புவார். "மொத்தம் 29 மணி நேரம், இத்தனையாவது மணியில் சாப்பாடு வரும்" என்று சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. நடக்கச் சிரமம் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. கூச்சப்படவும் ஒன்றுமில்லை.

பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடியை எதில் வைப்பது?

பெரிய பெட்டியில். அமெரிக்கா செல்லும் விமானங்களில் கைப்பையில் 350 மில்லிலிட்டருக்கு மேல் பொடி இருந்தால் தனியாகச் சோதித்து நேரத்தைத் தின்றுவிடும். பச்சைக் கறிவேப்பிலை மட்டும் வேண்டாம். எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்பதால் அங்கே அனுமதிப்பதில்லை.

போய்ச் சேர்ந்தபின் தூக்கம் எத்தனை நாளில் சரியாகும்?

பத்து நாளாவது ஆகும். உடம்பின் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். நமக்கோ அது முழுத் தலைகீழாக வேண்டும். காலை வெயிலில் அரை மணி நேரம் நடங்கள். பகலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் படுக்காதீர்கள். ஜூன் மாதத்தில் போனால் இரவு எட்டரைவரை வெளிச்சம் இருக்கும். விளக்கேற்றும் நேரத்தை வைத்துச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு அது பெரிய குழப்பம். முதல் வாரம் பேரப்பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரத்தில்தான் நமக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றும். அதை மகளிடமும் மருமகனிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். எந்தச் சுற்றுலாவையும் அந்த வாரத்தில் வைக்க வேண்டாம்.

திரும்பி வருகிறவர்களை அழைக்க எத்தனை மணிக்குப் போவது?

இறங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்து வெளியே வருவார்கள்; கூட்டமாக இருந்தால் ஒன்றரை. வெளிநாட்டு விமானங்களுக்கு இப்போது இரண்டாம் முனையம். ஃபிளாஸ்கில் சூடாகக் காபி எடுத்துக்கொண்டு போங்கள்.